சேர்ந்ததாகக் கருதப்படும்

நட்டம் என்ற சொல் காதில் விழுந்தால் சிலருக்கு வரும் சுறுசுறுப்பே தனி. அஞ்சல் துறைக்கு இத்தனை ஆயிரம் கோடி பற்றாக்குறை என்று பத்திரிகையில் கட்டம் கட்டி ஒரு செய்தி வந்துவிட்டால் போதும், மறுநாளே கத்தரிக்கோலும் கையுமாகக் கிளம்பிவிடுகிறார்கள். சனிக்கிழமைப் பட்டுவாடாவை நிறுத்தலாம். கிராமங்களுக்கு வாரம் மூன்று நாள் போதும். யார் சார் இப்பல்லாம் லெட்டர் எழுதுறாங்க, எல்லாம் வாட்ஸப்பில் வந்துவிடுகிறதே? இப்படிப் பேசுகிறவர்களில் ஒருவரும் வலங்கைமானுக்கோ கோட்டூருக்கோ தலைஞாயிறுக்கோ பஸ் ஏறியவர் இல்லை என்பது பேச்சிலேயே தெரிந்துவிடும்.

இவர்களுக்கு ஒரு நல்ல செய்தி வைத்திருக்கிறேன். நீங்கள் கேட்கும் சிக்கனம் காவிரி டெல்டாவில் பாதி நடந்து முடிந்தாயிற்று. சுற்றறிக்கை ஒன்றுதான் பாக்கி. அதையும் போடாமலே காரியத்தை முடித்துவிடுவார்கள்.

வெளிநாட்டுக்காரர்களுக்கு இந்தச் சாமர்த்தியம் போதாது. அமெரிக்காவில் 2013 பிப்ரவரியில் அஞ்சல் துறைத் தலைவர் பேட்ரிக் டோனஹோ, ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை கடிதம் கிடையாது என்று ஊரைக் கூட்டி அறிவித்தார். வாரத்துக்கு ஆறு நாள் என்று நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்திலேயே எழுதி வைத்திருந்தது அந்த நாட்டு நாடாளுமன்றம். அதை விட்டுக்கொடுக்க மறுத்தது. ஏப்ரலில் அறிவிப்பைச் சுருட்டி வைத்துக்கொண்டார்கள். வேடிக்கை என்னவென்றால், அதே ஆண்டு நவம்பரில் அதே துறை அமேசானுக்காக ஞாயிற்றுக்கிழமையும் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கத் தொடங்கியது. பாட்டிக்கு வரும் கடிதத்துக்குச் சனிக்கிழமை வண்டி ஓடினால் நட்டம். செருப்புப் பெட்டிக்கு ஞாயிற்றுக்கிழமை ஓடினாலும் லாபம். 2022இல் ஆறு நாளைத் தனிச் சட்டமாகவே ஆக்கிவிட்டார்கள். பிரிட்டனில் 2025 ஜூலையில், இரண்டாம் வகுப்புக் கடிதங்களைச் சனிக்கிழமை தர வேண்டியதில்லை, மற்ற நாட்களிலும் ஒன்றுவிட்டு ஒருநாள் தந்தால் போதும் என்று ஒழுங்குமுறை ஆணையமான ஆஃப்காம் அனுமதித்தது. 1624இல் தொடங்கிய டென்மார்க் அரசு அஞ்சல் 2025 டிசம்பர் 30 அன்று தன் கடைசிக் கடிதத்தைக் கொடுத்துவிட்டுக் கடிதப் பட்டுவாடாவையே நிறுத்தியது. சரியோ தப்போ, வெட்டுகிறோம் என்று சொல்லிவிட்டு வெட்டினார்கள். ஜனங்கள் சண்டை போடுவதற்கு ஒரு தேதி கிடைத்தது, திட்டுவதற்கு ஒரு பெயர் கிடைத்தது.

நம்மூர் முறை வேறு. நாளை வெட்டமாட்டோம், ஆளை வெட்டுவோம்.

நாட்டில் ஒரு லட்சத்து அறுபத்து நாலாயிரத்துக்கு மேல் அஞ்சலகங்கள் இருக்கின்றன என்றும், பத்தில் ஒன்பது கிராமத்தில் என்றும், உலகத்திலேயே இதுதான் பெரிது என்றும் ஒவ்வோர் அமைச்சரும் மார்தட்டுவார். அந்தப் பத்தில் ஒன்பது எங்கே இருக்கிறது என்று வந்து பார்க்க வேண்டும். கும்பகோணம், பட்டுக்கோட்டை, மயிலாடுதுறை, நாகப்பட்டினம், எந்தக் கோட்டத்தை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆவணத்தில் கிளை அஞ்சலகம் என்று இருப்பது நேரில் பெரும்பாலும் யாரோ ஒருவர் வீட்டு முன்கட்டு. ஒரு மேசை, ஒரு இரும்புப் பெட்டி, ஒரு முத்திரை, சுவரில் செல்வமகள் சேமிப்புத் திட்டச் சுவரொட்டி. அந்த வீட்டுக்காரர்தான் அஞ்சல் துறை. முன்பு ஈ.டி. (எக்ஸ்ட்ரா டிபார்ட்மென்டல்) என்றார்கள், இப்போது கிராமின் டாக் சேவக். பெயர் மாறிய வேகத்தில் வேறெதுவும் மாறவில்லை.

நாளைக்கு நாலு மணி நேர வேலை, மிஞ்சினால் ஐந்து. ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்பது விதி. ஐந்து மணி நேரத்துக்கு மேல் செய்த வேலைக்குக் கூலி கேட்கக் கூடாது என்று அதற்குப் பொருள் செய்துகொண்டிருக்கிறார்கள். கிளை அஞ்சலகத்துக்கான இடத்தை அவரே பார்த்துக்கொள்ள வேண்டும். பிழைப்புக்கு வேறு வருமானமும் அவருக்கு இருக்க வேண்டுமாம். இந்தச் சம்பளத்தில் ஒரு குடும்பம் பிழைக்காது என்பதை விதி எழுதியவர்களே ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். 1977இல் பி.கே. ராஜம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம், இவர்கள் வகிப்பது சிவில் பதவிதான் என்று தீர்ப்புச் சொன்னது. துறையின் விதிப் புத்தகமோ இவர்கள் மத்திய சிவில் பணிக்கு வெளியே இருப்பவர்கள் என்கிறது. பதவி உள்ளே, ஆள் வெளியே. இவர்கள் சம்பளத்தை ஆராய்ந்த கமலேஷ் சந்திரா குழு 2016இல் அறிக்கை கொடுத்தது. அது தூங்கியது. 2018 மே 22 அன்று நாடு முழுக்க இவர்கள் பையைத் தொடாமல் உட்கார்ந்தார்கள். பதினாறு நாள் உட்கார்ந்த பிறகுதான் அறிக்கைக்கு உயிர் வந்தது. கிளை அஞ்சலக அலுவலருக்கு நாலு மணி நேரமானால் மாதம் 12,000 ரூபாய், ஐந்து மணி நேரமானால் 14,500. அவருக்குக் கீழே உள்ளவருக்கு 10,000, 12,000. பஞ்சப்படி தனி. அரசு ஊழியருக்குள்ள ஓய்வூதியம் கிடையாது. 65 வயதில் சைக்கிளைத் துடைத்துச் சார்த்திவிட்டு வீட்டுக்குப் போகலாம். வீடும் அஞ்சலகமும் ஒன்றாக இருந்தால் அந்தச் சிரமமும் இல்லை.

அப்படி ஒருவர் போனால், அல்லது வேறு வேலை கிடைத்து விலகினால், அடுத்த ஊர்க்காரர் தலையில் அவர் வேலையும் விழும். கம்பைன்ட் டியூட்டி என்று அதற்கு ஒரு கௌரவமான பெயர். துணை அஞ்சலகத்திலிருந்து வரும் பையைப் பிரித்து, கணக்கெழுதி, கருவியைத் தட்டி, சிக்னல் பிடிக்கக் குளத்துக் கரைவரை நடந்து, பிறகு இரண்டு ஊரையும் சுற்ற வேண்டும். நடுவில் ஓர் ஆறும் நாலு வாய்க்காலும் இருக்கும். பாலம் மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கும். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் வரப்பு எது, வாய்க்கால் எது என்று தெரியாது. மனுஷன் என்ன செய்வார்? இன்றைக்கு இந்த ஊர், நாளைக்கு அந்த ஊர் என்று தானே பிரித்துக்கொள்கிறார். ஆறு நாள் பட்டுவாடா மூன்று நாளாகிறது. பிரிட்டனில் இந்த இடத்துக்கு வர ஆஃப்காமின் அனுமதி வேண்டியிருந்தது. இங்கே ஒரு காலியிடத்தை நிரப்பாமல் விட்டார்கள்.

டெல்டாக்காரனுக்கு இந்த வித்தை பழக்கம்தான். ஜூன் 12 அன்று மேட்டூரில் மதகைத் திறந்து பூத் தூவுவார்கள். கல்லணையில் இன்னொரு முறை தூவுவார்கள். இத்தனை ஆயிரம் கன அடி என்று மறுநாள் செய்தி வரும். வேதாரண்யம் பக்கத்துக் கடைமடையில் வாய்க்கால் வெடித்துக் கிடக்கும். கேட்டால், திறந்தாயிற்றே என்பார்கள். தபாலும் அப்படித்தான் இறங்குகிறது. தில்லியில் அனுப்பியாயிற்று, திருச்சியில் பிரித்தாயிற்று, கணினித் திரையில் வரிக்கு வரி நேரம் போட்டுக் காட்டியாயிற்று.

தண்ணீர் என்றதும் இதைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. 2016 ஜூலையில் அஞ்சலகங்களில் கங்கை நீர் விற்பனை தொடங்கிற்று. ரிஷிகேஷ் தண்ணீர் 200 மில்லி 15 ரூபாய். கங்கோத்ரி என்றால் 25. காவிரி வந்து சேராத வாய்க்காலின் கரையில் கங்கையைப் பாட்டிலில் அடைத்து விற்க ஓர் அரசாங்கத்துக்குத் தோன்றியிருக்கிறதே, அந்த மூளைக்கு ஒரு தபால்தலை வெளியிடலாம். அதே ஆண்டு அஞ்சலகத்தில் பருப்பு விற்கப்போவதாகவும் சொன்னார்கள். 2022இல் தேசியக் கொடி, ஒன்று 25 ரூபாய். 2024இல் யார் கூரையில் சோலார் தகடு வைக்கலாம் என்று வீடு வீடாகக் கணக்கெடுப்பு. நடுநடுவே காப்பீட்டு மேளா, பேமென்ட்ஸ் வங்கிக் கணக்கு மேளா. இந்த மாதம் இத்தனை ஆள் பிடிக்கவில்லையென்றால் மேலே இருப்பவரின் வசவு. தபாலைத் தவிர மற்ற எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு தெருவில் ஒருவர் போவார், அவர்தான் தபால்காரர்.

சரி, கேட்ட கேள்விக்கு வருவோம். யார்தான் இப்போது கடிதம் எழுதுகிறார்கள்? காதலர்கள் எழுதவில்லை. சம்பந்தி வீட்டுக் குறையை எழுதி அனுப்ப யாருக்கும் பொறுமையில்லை. அரசாங்கம் எழுதுகிறது. வங்கி எழுதுகிறது. நீதிமன்றம் எழுதுகிறது. பாஸ்போர்ட், பான் அட்டை, வாக்காளர் அட்டை, ஏ.டி.எம். அட்டை எல்லாம் தபாலில்தான் வீடு தேடி வர வேண்டும். தமிழ்நாட்டில் 2024 பிப்ரவரி 28 முதல் ஓட்டுநர் உரிமமும் வண்டியின் ஆர்.சி.யும் விரைவுத் தபாலில் மட்டுமே வரும், ஆர்.டி.ஓ. அலுவலக வாசலில் போய் நின்றாலும் கையில் தரமாட்டார்கள். ஒரு பக்கம், கடிதம் செத்துவிட்டது, தபாலைக் குறை. இன்னொரு பக்கம், உன் உயிர் ஆதாரமான காகிதமெல்லாம் தபாலில்தான் வரும், வீட்டிலேயே இரு.

வந்தால் சந்தோஷப்படுகிற காகிதங்கள் இவை. வராவிட்டால் குடி கெடுகிற காகிதம் ஒன்று இருக்கிறது. டெல்டாவில் பயிர்க்கடன் என்பது பாதி நகைக்கடன்தான். குறுவைக்கு நாற்றங்கால் விடும்போது காதிலும் கழுத்திலும் இருப்பது வங்கிக்குப் போகும். கொள்முதல் நிலையத்தில் நெல் எடைபோட்டுப் பணம் ஏறினால் திரும்பி வரும். நெல் குவியலோடு மழையில் நனைந்து முளைவிட்ட வருஷத்தில் நகை திரும்பாது. ஏல நோட்டீஸ்தான் வரும். இந்தத் தேதிக்குள் வட்டியாவது கட்டு, இல்லாவிட்டால் ஏலம் என்று அதில் இருக்கும். உறை வியாழக்கிழமை துணை அஞ்சலகத்துக்கு வருகிறது என்று வையுங்கள். வெள்ளி அடுத்த ஊரின் முறை. சனி, கத்தரிக்கோல் நிபுணரின் சிக்கனம். ஞாயிறு விடுமுறை. திங்கட்கிழமை அந்த அம்மாள் விடியற்காலையிலேயே நடவுக்குப் போயிருப்பார், கதவு பூட்டியிருக்கும்.

"ஏந்தம்பி, எனக்கு ஏதாச்சும் வந்துச்சா?"

"வந்துச்சு அத்தே, பூட்டிக் கெடந்துச்சு, திரும்பிப் போயிடுச்சு."

இனிமேல்தான் சட்டம் வருகிறது. 1897ஆம் ஆண்டு ஜெனரல் கிளாசஸ் சட்டத்தின் 27ஆம் பிரிவு சொல்வது இது: சரியான முகவரி எழுதி, கட்டணம் கட்டி, பதிவுத் தபாலில் போட்டுவிட்டால், வழக்கமாகத் தபால் போய்ச் சேரும் நேரத்தில் அது சேர்ந்ததாகக் கருதப்படும். சேரவில்லை என்றால் அதை நிரூபித்துக் காட்ட வேண்டும். 2007இல் அலவி ஹாஜி என்பவரின் காசோலை வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விளக்கமாகவே சொல்லிவிட்டது. 'வீடு பூட்டியிருக்கிறது', 'ஆள் ஊரில் இல்லை' என்று எழுதித் திரும்பிய உறையும் முறையாகச் சேர்ந்ததாகவே கொள்ளப்படும். கடன் வாங்கி ஏமாற்றிவிட்டு ஓடி ஒளிகிறவனைப் பிடிக்க இப்படியொரு பிரிவு வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பிரிவு ஒரு காலில் நிற்கிறது: தபால் ஒழுங்காக ஓடுகிறது என்ற நம்பிக்கை. அந்தக் காலைத்தான் சிக்கனம் என்று அறுக்கிறார்கள். பிரிவு மட்டும் அப்படியே நிற்கும். 'வழக்கமான நேரம்' என்பது மேட்டுத்தெரு வக்கீலுக்கு இரண்டு நாள். கடைமடைக் கிராமத்துக்கு எத்தனை நாள் என்று எந்த நீதிமன்றம் கிளை அஞ்சலகத்தில் வந்து உட்கார்ந்து பார்த்தது? வராத கடிதம் வரவில்லை என்பதற்கு அந்த அம்மாள் எங்கே போய்ச் சாட்சி தேடுவார்?

ஆகையால், சனிக்கிழமையை வெட்டினால் இத்தனை கோடி மிச்சம் என்று யாராவது கணக்குக் காட்டினால், அந்தக் கோடியில் எத்தனை தாலிக்கொடி என்று கேளுங்கள். துறையின் பேரேட்டில் வரவு வைக்கும் பணம் இன்னொருவர் கழுத்திலிருந்து கழிந்த பணம்.

சட்டம் நம்பிக்கொண்டிருக்கும் அந்தப் பதிவுத் தபாலுக்கும் 2025 செப்டம்பர் 1 அன்று காரியம் ஆயிற்று. விரைவுத் தபாலோடு இணைத்துவிட்டார்களாம். பதிவு எங்கும் போகவில்லை, கூடுதல் வசதியாக இருக்கிறது என்று விளக்கமும் தந்தார்கள். விலையைப் பார்ப்போம். முன்பு ஒரு சாதாரணப் பதிவுக் கடிதம் வரி உட்பட 26 ரூபாய்க்குள் முடிந்தது. 2025 அக்டோபர் 1 முதல் வெளியூருக்கு விரைவுத் தபால் 50 கிராமுக்கு 47 ரூபாய், பதிவு வேண்டுமானால் மேலே 5, இரண்டின் தலையிலும் ஜி.எஸ்.டி. நோட்டீஸ் அனுப்பும் வங்கிக்கு வலிக்காது. அந்தச் செலவைக் கடன்காரர் கணக்கிலேயே எழுதிவிடும். ஐயா, எனக்கு அவகாசம் கொடுங்கள் என்று பதில் போட வேண்டியவருக்குத்தான் வலிக்கும்.

1898ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தூக்கிவிட்டுக் கொண்டுவந்த 2023ஆம் ஆண்டு அஞ்சலகச் சட்டம் 2024 ஜூன் 18 முதல் நடப்பில் இருக்கிறது. வெள்ளைக்காரன் சட்டத்தை ஒழித்தோம் என்று பெருமை வேறு. கடிதம் கொண்டுபோகும் தனியுரிமை அரசுக்கு இருந்தது, அதை விட்டுவிட்டார்கள். கடிதத்தை இடைமறிக்கும் அதிகாரமும் இருந்தது, அதை விடவில்லை. மோசடி செய்தோ வேண்டுமென்றோ ஆகாத தாமதத்துக்கு அலுவலர் பொறுப்பில்லை என்ற பாதுகாப்பும் பத்திரமாக உள்ளே இருக்கிறது. வாரத்துக்கு எத்தனை நாள் ஒரு வீட்டுக்குத் தபால் தர வேண்டும் என்று மட்டும் அந்தச் சட்டத்தில் இல்லை. அமெரிக்கர்கள் ஆறு என்று எழுதி வைத்ததால்தான் டோனஹோவைத் திருப்பி அனுப்ப முடிந்தது. நம்மிடம் காட்டுவதற்கு ஓர் எண்ணே கிடையாது.

தனியார் கூரியர் பார்த்துக்கொள்ளும் என்கிறார்கள். பார்த்துக்கொள்ளத்தான் செய்கிறது. போன் வரும்: "சார், உங்க ஊருக்கெல்லாம் வண்டி வராது, பஸ் ஸ்டாண்டுகிட்டதான் ஆபீஸ், வந்து வாங்கிக்குங்க."

நட்டக் கணக்கையும் பிரித்துப் பார்த்துவிடலாம். 2018-19இல் பற்றாக்குறை சுமார் 15,000 கோடி. ஏர் இந்தியாவையும் பி.எஸ்.என்.எல்.லையும் மிஞ்சிவிட்டது என்று தலைப்புப் போட்டார்கள். 2019 செப்டம்பர் 20 அன்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் கம்பெனிகளுக்கான வருமான வரியைக் குறைத்தார். அதனால் ஆண்டுக்கு 1,45,000 கோடி வருவாய் போகும் என்று அவரே சொன்னார். ஒன்பதரை அஞ்சல் துறையின் நட்டம், ஒரே அறிவிப்பில். அன்றைக்குக் கத்தரிக்கோல்காரர்கள் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். கம்பெனிக்குப் போனால் ஊக்கம், கோட்டூருக்குப் போனால் நட்டம்.

அஞ்சலட்டை இன்றும் 50 பைசா. அச்சடித்துச் சுமக்கும் செலவு அதைப்போலப் பல மடங்கு. விலையை ஏற்றாததை ஏழைக்கு அரசாங்கம் தரும் சலுகை என்று மேடையில் சொல்வார்கள்; ஏட்டில் அதைத் துறையின் நட்டம் என்று எழுதுவார்கள். (போய்க் கேட்டால் அஞ்சலட்டை இருப்பில் இல்லை என்பது தனிக்கதை.) கும்பகோணத்துப் பாட்டிகள் மாத வருமானத் திட்டத்தில் போட்டு வைத்திருக்கும் பணம் தேசிய சிறுசேமிப்பு நிதி வழியாக அரசாங்கத்துக்குத்தான் கடனாகப் போகிறது. உண்டியலை நம்பி ஒப்படைக்க அஞ்சலகம் வேண்டும். அஞ்சலகத்துக்கு ஆள் போடச் சொன்னால் மட்டும் காசில்லை. கணினிமயத்துக்குக் காசிருக்கிறது: 2012இல் 4,909 கோடி, அதன் அடுத்த சுற்றுக்கு 5,800 கோடி.

ஆளே போடவில்லை என்றும் சொல்ல முடியாது. 2016 டிசம்பரில் தமிழ்நாட்டில் தபால்காரர் வேலைக்குத் தேர்வு வைத்தார்கள். முடிவு வந்தபோது ஹரியானாவிலிருந்து எழுதியவர்கள் தமிழ்த்தாளில் மதிப்பெண்ணை அள்ளியிருந்தார்கள், இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளைவிட அதிகமாக. ஊர் சிரித்தது, தேர்வை ரத்து செய்தார்கள். 2019 ஜூலை 14இல் பாடம் கற்றுக்கொண்டு வந்தார்கள். தமிழ்த்தாளில் தில்லுமுல்லு நடந்தால் என்ன செய்வது? தமிழையே எடுத்துவிடுவது. கேள்வித்தாள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டும். மாநிலங்களவையில் அ.தி.மு.க. உறுப்பினர்கள் அவையை நடக்கவிடாமல் செய்த பிறகு, அமைச்சர் ரவிசங்கர் பிரசாத் அதையும் ரத்து செய்தார். 'கீழத்தெரு, மாரியம்மன் கோயில் எதிரில்' என்று எழுதிய உறையை எந்த மொழியில் படிப்பதாக உத்தேசம் என்பதை அவர் சொல்லவில்லை.

ஐந்து நாள் வாரம் கேட்பவர்களில் அஞ்சல் ஊழியர் சங்கங்களும் உண்டு. அதைக் காட்டி, பார்த்தீர்களா, அவர்களே கேட்கிறார்கள் என்று நிபுணர்கள் குதிக்கிறார்கள். மத்திய அரசு அலுவலகங்களுக்கு 1985 முதலே ஐந்து நாள்தான். சனிக்கிழமையும் வெயிலில் அலைகிறவர் எனக்கும் அது வேண்டும் என்று கேட்டால் அதில் என்ன தப்பு? ஓர் ஆளுக்கு ஐந்து நாள் வேலையும் ஓர் ஊருக்கு ஆறு நாள் தபாலும் ஒன்றாக நடக்கும், காலியிடத்தை நிரப்பினால். நிரப்பமாட்டேன் என்பவர்தான் ஊழியரையும் ஊரையும் மோதவிட்டு வேடிக்கை பார்க்கிறார்.

டெல்டாவில் படித்த பிள்ளைகளுக்குக் குறைவில்லை. ஊருக்கு ஒருவர் உட்கார்ந்து ஒரு விண்ணப்பம் எழுதலாம். தகவல் உரிமைச் சட்டம், 2005. மத்திய அரசு விவகாரம் என்பதால் தலைமை அஞ்சலகத்திலேயே வாங்கிக்கொள்வார்கள். நாலு கேள்வி போதும். போன மூன்று மாதத்தில் எங்கள் கிளை அஞ்சலகத்துக்குப் பை வந்த தேதிகள் எவை? பட்டுவாடா நடந்த தேதிகள் எவை? எங்கள் துணை அஞ்சலகத்தின் கீழ் எத்தனை இடம் காலி, ஒவ்வொன்றும் எந்தத் தேதியிலிருந்து? கம்பைன்ட் டியூட்டி பார்ப்பவர்கள் எத்தனை பேர், ஒவ்வொருவருக்கும் எத்தனை ஊர்? முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். தகுந்த காரணமில்லாமல் தாமதித்தால் நாளொன்றுக்கு 250 ரூபாய் அபராதம், தாமதித்த அலுவலரின் கையிலிருந்து. கட்டணம் பத்து ரூபாய், போஸ்டல் ஆர்டராக இணைக்கலாம். கவுண்ட்டரில் போஸ்டல் ஆர்டர் இருப்பில் இல்லை என்று சொன்னால், எத்தனை நாளாக இல்லை என்பதை ஐந்தாவது கேள்வியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.